வெள்ளம் எப்பம் வரும்?

ஜூன் 10, செவ்வாய்

என் மேசைமேல் முப்பத்து மூன்று வருஷமாக 'டி. மாலயன்' என்றுதான் பெயர்ப் பலகை இருந்தது. இன்று போய்ப் பார்த்தால் புதிய பலகை, பித்தளை எழுத்து: தாணுமாலயன், முதுநிலை நிருபர். பணிப்பதிவேட்டில் உள்ளபடி முழுப் பெயர்தான் இருக்க வேண்டுமாம். பெயருக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? தலைமை நிருபர் கலியபெருமாளிடம் முறையிட்டேன். சாமி பேர்தானே சார், நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குள் தலையை விட்டுக்கொண்டார். விழுப்புரத்துக்காரருக்கு இது புரியாது.

சாயங்காலம் லிஃப்டில் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், நிருபர் என்றால் எந்த சேனல் என்று கேட்டார். ஏழு வருஷமாக இதே கேள்வி. பேரவை நிருபர் சேனல்காரன் இல்லை, உறுப்பினர்கள் பேசப் பேசச் சுருக்கெழுத்தில் எடுத்து அவைக் குறிப்பாக எழுதித் தருகிறவன், யார் என்ன பேசினார் என்று நாளைக்குச் சண்டை வந்தால் எங்கள் எழுத்துதான் சாட்சி என்று மறுபடியும் விளக்கினேன். தலையாட்டினார். அடுத்த மாதம் மறுபடியும் கேட்பார்.

நாளை கூட்டத்தொடர் தொடங்குகிறது. பென்சில் இரண்டு டஜன் சீவியாயிற்று. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று விசாலி ஞாபகப்படுத்தினாள். கொடுக்கவில்லை.

ஜூன் 11, புதன்

முதல் நாள் இரங்கல் தீர்மானத்தோடு சரி. எல்லோரும் கலைகிற நேரத்தில் பாறைவிளை தொகுதி உறுப்பினர் பெனடிக்டா எங்கள் மேசைப் பக்கம் வந்தார். நாளைக்கு ஒரு துணைக் கேள்வி கேட்க அனுமதி கிடைத்திருக்கிறது, மெதுவாகப் பேசவா வேகமாகப் பேசவா என்று கேட்டார். எழுதுகிறவர்களிடம் வந்து இப்படி ஒருவர் கேட்டது என் சர்வீஸில் இதுதான் முதல் தடவை. எப்படிப் பேசினாலும் எடுப்போம் மேடம் என்றேன்.

சுயேச்சை. கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால் இடம். போன கூட்டத்தொடர் முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது பதினொரு நிமிஷம். அதில் ஒன்பது நிமிஷம் ஒரே விஷயம்: புன்னமூட்டுத்துறை என்கிற கடற்கரை ஊர். கடல் ஏறி வந்த வருஷத்திலிருந்து ஊர்க் கிணறெல்லாம் உப்பு. நாலு கிலோமீட்டர் தள்ளிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் போகிறது, அதிலிருந்து ஒரு கிளை இழுத்தால் போதும். இழுக்கிறவரை பெண்கள் நாலுவழிச் சாலையைக் கடந்து குடத்தோடு போய்வருகிறார்கள். போன மார்கழியில் ஸ்டெல்லா என்று ஒருத்தி லாரியில் அடிபட்டு இறந்தாள். இடுப்பில் குடம் இருந்ததால் ஓட முடியவில்லையாம். இதெல்லாம் அவைக் குறிப்பில் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் சர்ச் பக்கத்துக் கிணற்றில் மட்டும் கோடையிலும் நல்ல தண்ணீர் கிடக்கும் என்பது குறிப்பில் இல்லை, ஆனால் உண்மை.

அந்தப் பேச்செல்லாம் யாரோ எழுதிக் கொடுத்து அவர் வாசித்தது. குடிநீர், அன்னையர், அல்லல் என்று நல்ல தமிழ். துணைக் கேள்வியைத் தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது. நாளைக்கு வாயில் வருவதைத்தான் பேசியாக வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை 10.40 முதல் 10.50 வரை எழுத வேண்டியது என் முறை. ஆற்று உபரி நீர் வீணாகக் கடலில் கலப்பது பற்றி டெல்டா உறுப்பினர் ஒருவரின் கேள்வி. தடுப்பணை, கொள்ளளவு என்று அமைச்சர் பதில் சொல்லி முடித்தார். துணைக் கேள்விக்குப் பேரவைத் தலைவர் பெனடிக்டாவை அழைத்தார். அவர் எழுந்து, தூணைத் தாண்டி முகம் தெரியும்படி ஓரடி நகர்ந்து நின்றார்.

"தலைவர் அவர்களே, வேற ஒண்ணும் கேக்கல. எங்களுக்க ஊருக்கு வெள்ளம் எப்பம் வரும்? அதை மட்டும் மந்திரி சொல்லட்டும்."

அமைச்சர் சிரித்த முகத்தோடு எழுந்தார். எல்லா உறுப்பினர்களும் வெள்ளத்தைத் தடுங்கள் என்றுதான் கேட்பார்கள், வெள்ளம் எப்போது வரும் என்று ஆவலோடு கேட்கிற முதல் உறுப்பினர் அம்மையார்தான் என்றார். "கவலை வேண்டாம். இந்த அரசு இருக்கும்வரை உங்கள் ஊருக்கு வெள்ளம் வராமல் பார்த்துக்கொள்ளும்."

அவை முழுவதும் சிரித்தது. மேசையைத் தட்டினார்கள். பார்வையாளர் மாடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். பெனடிக்டாவின் மாவட்டத்து ஆளுங்கட்சி உறுப்பினர்கள் இரண்டு பேர் மட்டும் குனிந்து தங்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாதா என்ன? பெனடிக்டா "நான் கேட்டது" என்று ஆரம்பிப்பதற்குள் மைக் அணைந்துவிட்டது. அடுத்த கேள்வி போய்விட்டது.

அவைக் குறிப்பில் எங்கள் சொந்தச் சொல் என்று எதுவும் கிடையாது. அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும்தான் எங்களுடையது: (குறுக்கீடு), (மேசையைத் தட்டும் ஒலி), (சிரிப்பு). என் முறையில் சிரித்தார்கள். (சிரிப்பு) என்று எழுதினேன். எழுதத்தான் வேண்டும்.

தண்ணீர் என்று கேட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. தமிழ்நாடு முழுக்கத் தண்ணீர், இவர்களுக்கு மட்டும் என்ன தனிச்சொல்? பேரவைக்கு வருகிறவர் நாலு பேருக்குப் புரிகிற மாதிரிப் பேசப் பழக வேண்டாமா? எனக்கு அந்த அம்மாள்மேல்தான் கோபம் வந்தது. வேறு யார்மேலும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நேற்று இரவிலிருந்து எல்லார் போனிலும் அதுதான், காலைப் பேப்பரிலும். பெனடிக்டா குடை பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து வெள்ளத்துக்காகக் காத்திருப்பதுபோலப் படம். சங்கச் செயலாளரே எனக்கு அனுப்பிவைத்தார், கீழே ஏழு சிரிப்புப் பொம்மை. முட்டாள்.

வரைவுப் படியை உறுப்பினரின் பார்வைக்கு அனுப்பியிருந்தோம். மத்தியானம் திரும்பி வந்தது. அவர் சொன்ன ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. (சிரிப்பு) என்பதைச் சுற்றி மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் எழுதியிருந்தார்: 'இதை எடுங்கள். நான் சிரிப்புக்குக் கேட்கவில்லை. வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் குடிக்கிற தண்ணீர்.'

நடந்த சிரிப்பை எப்படி எடுப்பது? நடக்காததைச் சேர்ப்பதும் நடந்ததை எடுப்பதும் எங்கள் வேலையில் ஒரே குற்றம். அப்படியே கலியபெருமாள் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 16, திங்கள்

கலியபெருமாள் கூப்பிட்டார். வட்டாரச் சொல் வந்தால் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொருள் போட விதி இருக்கிறது. போன வருஷம் மலைப்பகுதி உறுப்பினர் ஒருவரின் சொல்லுக்குக்கூடப் போட்டோம். ஆனால் உறுப்பினர் சொன்னால் போதாது. அந்த முறை எழுதிய நிருபர், இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள், எனக்குத் தெரியும் என்று சான்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீங்க தெற்கத்தி ஆளுதானே மாலயன்? அங்க வெள்ளம்னா தண்ணியா?"

திருநெல்வேலிப் பக்கம் என்றேன். எல்லா ஊரிலும் வெள்ளம் என்றால் வெள்ளம்தான், வேறு அர்த்தம் இருப்பதாக எனக்குத் தெரியாது என்றேன். சரி, அப்ப விட்டுடலாம் என்று அவர் மேலே எழுதினார்: 'நிருபர் சான்றளிக்க இயலவில்லை.'

இதில் பொய் ஒன்றும் இல்லை. திருநெல்வேலி வழியாகத்தான் எங்கள் ரயில் போகும்.

ஜூன் 18, புதன்

குடியிருப்பு மோட்டார் எரிந்துவிட்டது. காலையிலிருந்து குழாயில் சொட்டு இல்லை. லாரி பதினொரு மணிக்கு வருமாம், நான் எட்டு மணிக்குப் பேரவைக்குப் போக வேண்டும். லிஃப்டில் வாளி ஏற்றக் கூடாது என்பது சங்க விதி. கீழ்த் தொட்டியிலிருந்து படியேறி இரண்டாவது மாடிக்கு இரண்டு வாளி தூக்கினேன், முட்டி போய்விட்டது. செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டி, மனுஷன் ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் எப்படி இருப்பான், உங்களுக்கு இது விளையாட்டாக இருக்கிறதா, கேட்டால் சிரிக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவர் சிரிக்கவில்லை, வழக்கமாகவே அவர் முகம் அப்படித்தான் என்று விசாலி சொல்கிறாள்.

ஜூன் 19, வியாழன்

இன்றும் மோட்டார் வரவில்லை. சங்கத்துக்கு ஒன்றரைப் பக்கம் புகார்க் கடிதம் எழுதினேன். 'அடிப்படை உரிமை' என்பதை மூன்று இடத்தில் அடிக்கோடிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

இப்படியும் ஒரு கூத்து நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அமைச்சர் அவையில் ஒன்றைச் செய்வோம் என்று சொன்னால் அது உறுதிமொழி. அதைத் தனியே எடுத்துத் துறைக்கு அனுப்பி, நிறைவேறியதா என்று கேட்க வேண்டும். புன்னமூட்டுத்துறைக்கு வெள்ளம் வராமல் பார்த்துக்கொள்வோம் என்று அமைச்சர் சொன்னாரே, அதையும் எவனோ ஒரு குமாஸ்தா எடுத்து அனுப்பியிருக்கிறான். துறையிலிருந்து பதினோரு நாளில் பதில். பதினோரு நாளில் பதில் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. 'மேற்படி ஊருக்கு வெள்ள அபாயம் ஏதுமில்லை. வெள்ளம் வரவில்லை. உறுதிமொழி நிறைவேற்றப்பட்டது.' கீழே ரப்பர் முத்திரை.

இனி அந்தப் பொருள் முடிந்துபோன பொருள். முடிந்துபோனதை அதே கூட்டத்தொடரில் மறுபடி எழுப்ப முடியாது. இந்தக் கூட்டத்தொடரில் சேராத ஊர் இந்த வருஷத் திட்டத்தில் சேராது. இன்னும் ஒரு வருஷம் சாலையைக் கடக்க வேண்டும்.

கேண்டீனில் இதைச் சொல்லி இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 26, வியாழன்

குடிநீர் மானியக் கோரிக்கை. பெனடிக்டாவுக்கு மூன்று நிமிஷம். அதுவும் என் முறையிலேயே வந்து தொலைந்தது.

இன்று அவர் தாள் கொண்டுவரவில்லை. அன்றைக்கு நான் கேட்டது குடிக்கிற தண்ணீரை, வெள்ளம் என்றுதான் எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளையும் கேட்கும் என்று ஆரம்பித்தார். அமைச்சர் உடனே எழுந்தார். ஒரு வார்த்தையைப் பேசிவிட்டு அதற்கு அர்த்தத்தை மறுநாள் வீட்டிலிருந்து எடுத்து வரக் கூடாது என்றார். அந்தப் பொருள் முடிந்துவிட்டது என்றார். பிறகு ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மையார் அவைக் குறிப்பைத் திருத்தச் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்கிற அர்த்தத்துக்கு நிருபரே சான்றளிக்கவில்லை. இதோ இருக்கிறது. இந்த அவை அவைக் குறிப்பை நம்புமா, அம்மையாரை நம்புமா?"

மேசையைத் தட்டும் ஒலி. எழுதினேன். 'நிருபரே சான்றளிக்கவில்லை' என்பதைச் சுருக்கெழுத்தில் எழுத மூன்று கோடு போதும். முப்பத்து மூன்று வருஷத்தில் அவையில் என்னைப் பற்றி யாரும் ஒரு சொல் பேசினதில்லை. பேசின அன்றைக்கு அதை என் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று.

அமைச்சருக்கு அந்த அம்மாள் கேட்டது என்னவென்று தெரியாதா? நன்றாகத் தெரியும். போன கூட்டத்தொடரில் ஒன்பது நிமிஷம் கேட்டாரே. தெரிந்துகொண்டே என் தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். படித்த மனிதர், நாலு முறை ஜெயித்தவர், பொய் சொல்கிறோம் என்கிற கூச்சமாவது வேண்டாமா? தெரிந்துகொண்டே தெரியாது என்று சொல்கிறவனைப் போல ஒரு

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மிக்ஸிக்கடை மூடுவதற்குள் போக வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

அவர் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்று மனுவோடு வந்தார். மத்தியானம் இரண்டு மணி வெயில். நாலு மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கலியபெருமாள் எழுந்து நாற்காலி போட்டார். மேடம், ஒலிப்பதிவிலும் வெள்ளம் என்றுதானே இருக்கும், அதைக் கேட்டு என்ன பிரயோஜனம் என்று தன்மையாகத்தான் சொன்னார். பெனடிக்டா என் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பித்தளைப் பலகையை.

"சாருக்கு எந்த ஊரு?"

சென்னைதான் என்றேன்.

"தாணுமாலயன்னு சென்னையில யாரும் பிள்ளைக்குப் பேரு போட மாட்டாவளே சார்."

நான் என் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவர் அதற்குமேல் தோண்டவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாரிடம் என்றில்லாமல், சாதாரணமாகச் சொன்னார்.

"கொஞ்சம் வெள்ளம் தாருங்க."

நான் என் பிளாஸ்கைத் திறந்து, டம்ளரில் ஊற்றி, எழுந்து போய் அவர் கையில் கொடுத்தேன்.

கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கலியபெருமாள் டம்ளரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெனடிக்டா முழுவதையும் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்க்காமல் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைச் சோதிக்கத்தான் கேட்டாரா, நிஜமாகவே தாகமா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். முகத்தைப் பார்த்தால் தாகம்தான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அவர் திட்டியிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருப்பேன்.

"சர்ச்சுக் கெணத்து வெள்ளம் மாதிரி இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மனுவை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். மெட்ரோ தண்ணீரைப் போய்.

கலியபெருமாள் 16ஆம் தேதித் தாளை ஃபைலிலிருந்து எடுத்து மறுபடி வாசித்தார்.

ஜூன் 28, சனி

லீவு. மிக்ஸி சரியாகிவிட்டது.

விசாலியிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். அவள் தக்காளி நறுக்கிக்கொண்டே, "டைபாய்டு வந்தப்போ நாலு நாளும் வெள்ளம் வெள்ளம்னுதான் கேட்டுட்டிருந்தீங்க, நானே ஊத்திக் கொடுத்தேன்" என்றாள். கல்யாணம் ஆகி இருபத்தெட்டு வருஷத்தில் இதை ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்குப் பிடிக்காதுன்னு தெரியும் என்றாள்.

எழுதிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், இருபத்தாறு வயசு, கேண்டீனில் கொஞ்சம் வெள்ளம் தாங்க என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. அன்றையிலிருந்து இரண்டு வருஷம் என் பெயர் வெள்ளம். நான் உள்ளே நுழைந்தால், வெள்ளம் வருது, காலைத் தூக்கு என்று எல்லோரும் பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பெரிய பெரிய சீனியர்கள். நானும் கூடச் சிரிப்பேன். வேறு என்ன செய்வது? அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் பேப்பரைச் சத்தமாக வாசித்து நாக்கை மாற்றினேன். பெயரை வெட்டினேன். ஊர் கேட்டால் திருநெல்வேலி என்றேன். சிரித்தவர்கள் எல்லோரும் ரிட்டையர் ஆகி, பாதிப் பேர் செத்தும் போனார்கள். நான் மட்டும் இன்னும் அவர்களுக்குப் பயந்துகொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி அவை சிரித்தபோது எனக்குக் காலைத் தூக்கினவர்கள்தான் தெரிந்தார்கள். சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று குனிந்து எழுதினேன். அந்த இரண்டு உறுப்பினர்கள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அன்றைக்கு எவ்வளவு யோக்கியமாக எழுதியிருக்கிறேன். நான் மட்டும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்?

சர்ச் கிணற்றுக்குச் சாலையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடையில் என் அம்மாவும் அங்கேதான் போவாள். அப்போது சாலை இரண்டு வழி, லாரியும் குறைவு. எங்கள் வீடு புன்னமூட்டுத்துறையிலிருந்து ஒன்றரை மைல்.

ஜூன் 30, திங்கள்

காலை ஒன்பதரைக்குச் சான்றுத் தாளைக் கேட்டு வாங்கினேன். 'வெள்ளம் என்பதற்கு உறுப்பினரின் பகுதியில் குடிநீர் என்று பொருள். அது எனக்கும் ஊர். இது எனக்கு ஜூன் 12ஆம் தேதியே தெரியும். 16ஆம் தேதி தெரியாது என்று நான் சொன்னது தவறு.' கையெழுத்தை முழுப் பெயரில் போட்டேன். வெட்டின பாதியைச் சேர்த்துப் போட்டுப் பழக்கமில்லை, கோணலாக வந்தது.

கலியபெருமாள் இரண்டு முறை வாசித்தார். கடைசி வரி எதுக்கு சார், முதல் வரி போதுமே, இதைப் போட்டால் மெமோ வரும், ஓய்வுக்கு ஒரு வருஷம்தானே இருக்கிறது என்றார். நல்ல மனுஷன். கடைசி வரி இல்லாவிட்டால் முதல் வரியை யாரும் நம்ப மாட்டார்கள் என்றேன். அவைக் குறிப்புத் தொகுதி அச்சுக்குப் போக மூன்று நாள் இருந்தது. அவர் மேலே அனுப்பினார்.

ஜூலை 2, புதன்

அனுமதி வந்துவிட்டது. ஒரே ஒரு அடைப்புக்குறி சேர்க்கலாம். உறுப்பினர் கேட்டிருந்தபடி (சிரிப்பு) என்பதையும் எடுத்துவிடத் தலைவர் இசைந்திருக்கிறார். அச்சுப் பார்ப்புப் படியை நானே எடுத்துக்கொண்டு, அவர் தூணருகே உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசித்தார்.

திருமதி பெனடிக்டா: எங்களுக்க ஊருக்கு வெள்ளம் (குடிநீர்) எப்பம் வரும்?

மாண்புமிகு அமைச்சர்: இந்த அரசு இருக்கும்வரை உங்கள் ஊருக்கு வெள்ளம் வராமல் பார்த்துக்கொள்ளும். (சிரிப்பு)

நடுவில் இருந்த நாலு வரியை விட்டுவிட்டு இந்த இரண்டையும் மறுபடி வாசித்தார். விரல் (சிரிப்பு) மேல் வந்து நின்றது. இதை எடுத்துவிடலாம் மேடம், அனுமதி இருக்கிறது என்றேன்.

"வேண்டாம் சார். சிரிப்பு அங்கேயே கெடக்கட்டும். குடிக்க வெள்ளம் கேட்டதுக்கு இந்த அவை சிரிச்சுதுன்னு எல்லாரும் வாசிக்கட்டும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று படிக்கட்டில் நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால், அந்தக் கிணத்துல இப்பமும் வெள்ளம் உண்டா என்றுதான் கேட்டேன். எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சொல் ஜுரம் இல்லாமல் என் வாயில் வந்தது. உண்டு, ஆனா ரோட்டைத் தாண்டணுமே என்றார்.

ஜூலை 4, வெள்ளி

தொகுதி வெளிவந்தது. எனக்கு மெமோவும் வந்தது. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். ஒரு இன்கிரிமெண்ட் போகலாம் என்கிறார்கள். போகட்டும்.

குடை பிடித்த படம் போட்ட அதே பேப்பர்க்காரர்கள் இன்று அந்த இரண்டு வரியை அப்படியே முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். வேறு விளக்கமே எழுதவில்லை, தேவையும் இல்லை. அமைச்சர் தரப்பிலிருந்து போன் மேல் போன். அடைப்புக்குறியை எடுங்கள் என்று. அச்சாகிவிட்டது சார் என்றார் கலியபெருமாள். அப்படியானால் சிரிப்பையாவது எடுங்கள் என்றார்களாம். அதுவும் அச்சாகிவிட்டது சார்.

ஜூலை 9, புதன்

கூட்டத்தொடரின் கடைசி நாள். அமைச்சர் தாமாகவே ஓர் அறிக்கை வாசித்தார். புன்னமூட்டுத்துறைக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து கிளைக் குழாய், இந்த ஆண்டிலேயே. முன்பே திட்டமிடப்பட்டதாம். முன்பே! ஸ்டெல்லாவின் பெயரைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சிரித்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. பெனடிக்டா நன்றி சொல்ல எழுந்தார், நேரமில்லை என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள். நன்றி சொல்லக்கூட விடமாட்டார்கள். மேசையைத் தட்டினார்கள், எழுதினேன்.

மத்தியானம் கேண்டீனில் ஒரு கிளாஸ் வெள்ளம் கேட்டேன். பரிமாறுகிறவர் என்ன சார் என்று திருப்பிக் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. நின்று, வாங்கி, குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை ஆறே முக்காலுக்கு பெனடிக்டா போன் செய்தார். பின்னால் பெண்கள் சத்தம், குடம் முட்டுகிற சத்தம்.

"அண்ணே, எங்களுக்க ஊருக்கு வெள்ளம் வந்தாச்சு."

(சிரிப்பு)